விமானத்தை விட்டு ஏவுகணை பிரியும் அந்த ஐந்து நொடி

புதுச்சேரியில் இயந்திரவியல் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: “பிரம்மோஸ் ஏவுகணை 2001-லேயே பறந்துவிட்டது, 2005-இல் போர்க்கப்பலுக்கும் 2007-இல் தரைப்படைக்கும் வந்துவிட்டது. அதே ஏவுகணையைச் சுகோய் விமானத்தில் மாட்டி ஏவுவதற்கு மட்டும் 2017 நவம்பர் வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது? விமானமும் கையில் இருக்கிறது, ஏவுகணையும் கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பூட்டுவதில் அப்படி என்ன கடினம்?”

நான் விமானப்படையின் ஆயுதப் பிரிவில் தரைப்பணியாளனாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். பிரம்மோஸில் நான் வேலை செய்ததில்லை. என் காலத்தில் நாங்கள் மாட்டியவை குண்டுகள், ராக்கெட் கூடுகள், கழற்றிவிடக்கூடிய எரிபொருள் தொட்டிகள் ஆகியவைதாம். ஆனால் விமானத்தின் அடியில் ஒரு பொருளைத் தொங்கவிட்டு, அது பறந்துகொண்டிருக்கும்போது கழற்றிவிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கைப்பழக்கத்தில் அறிந்தவன். ஆகவே நேரடியாகவே சொல்கிறேன்: கடினம் ஏவுகணையிலும் இல்லை, விமானத்திலும் இல்லை, ஒன்று மற்றொன்றை விட்டுப் பிரிகிற அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. பத்தாண்டு உழைப்பின் பெரும்பகுதி அந்த நொடிகளுக்காகச் செலவானது என்பதே என் கருத்து.

முதலில் ஏவுகணையின் இயல்பைப் பார்த்துவிடுவோம். 1998 பிப்ரவரி 12 அன்று மாஸ்கோவில், அப்போது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் தலைவராக இருந்த அப்துல் கலாம் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து பிறந்தது பிரம்மோஸ். பிரம்மபுத்திராவின் பெயரையும் மாஸ்க்வா ஆற்றின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. அதை உருவாக்க அமைந்த இந்திய-ரஷ்யக் கூட்டு நிறுவனத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்த சிவதாணுப் பிள்ளை. 2001 ஜூன் 12 அன்று ஒடிசாவின் சாந்திப்பூரிலிருந்து அது முதல்முறை ஏவப்பட்டது. ஒலியைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு வேகம் என்பதுதான் அதன் தனிச்சிறப்பு. உயரமான, குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 295 மீட்டர் என்று கொண்டால், ஏவுகணை நொடிக்கு 825 மீட்டருக்குச் சற்று மேலே ஓடுகிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தொலைவை அது ஏறக்குறைய 25 நொடிகளில் கடந்துவிடும். தொடக்கத்தில் அதற்கு வரையறுத்த 290 கிலோமீட்டர் எல்லை என்பது, வரைபடத்தில் அடிக்கோலை வைத்துப் பார்த்தால், புதுச்சேரியிலிருந்து மதுரை வரையிலான தூரம். அதற்கு ஆறு நிமிடம் போதும்.

இந்த வேகத்தைத் தருவது ராம்ஜெட் எஞ்சின். ராம்ஜெட்டில் காற்றை அழுத்துவதற்குச் சுழலும் விசிறிகள் கிடையாது. பாய்ந்து வரும் வேகத்தாலேயே காற்று உள்ளே அழுந்தி, அதில் திரவ எரிபொருள் எரிகிறது. அதனால் நின்ற இடத்தில் ராம்ஜெட்டால் ஒன்றும் செய்ய முடியாது. யாராவது முதலில் அதை ஒலியின் வேகத்துக்கு மேல் தள்ளிக் கொடுக்க வேண்டும். லாரியிலிருந்தோ கப்பலிலிருந்தோ ஏவும்போது அந்தத் தள்ளுதலைத் திட எரிபொருள் நிரம்பிய பூஸ்டர் செய்கிறது. எரிந்து தீர்ந்ததும் அது கழன்று விழுந்துவிடுகிறது. விமானத்திலிருந்து ஏவினால் உயரமும் வேகமும் விமானமே கொடுத்துவிடுவதால் பூஸ்டர் சிறியதாக இருக்கலாம். ஏறக்குறைய 3 டன் எடையுள்ள ஏவுகணை, விமான வடிவில் 2.5 டன்னாக இறங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். விழும்போது தடுமாறாமல் இருக்க வால் பகுதியில் நிலைப்படுத்தும் சிறகுகளும் சேர்க்கப்பட்டன. ஆகவே “அதே ஏவுகணை” என்று தம்பி எழுதியிருப்பதில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது: வெளியே பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், எடை, பூஸ்டர், சிறகுகள் எல்லாம் மாறிய பிறகு அது பறக்கும் விதத்தில் இன்னொரு ஏவுகணைதான்.

அரை டன் குறைந்தது பெரிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் மீதமுள்ள இரண்டரை டன் ஒரே பொருளாக, ஒரே தாங்கியில், விமானத்தின் நடு வயிற்றில் தொங்குகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். சுகோய்-30 எம்.கே.ஐ. மொத்தம் எட்டு டன் ஆயுதங்களைச் சுமக்க வல்லதுதான். ஆனால் அந்த எட்டு டன்னும் இறக்கைகளிலும் வயிற்றிலுமாகப் பல தாங்கிகளில் பிரித்துப் போடப்படும் சுமை. ஒரு மூட்டையைப் பத்துப் பேர் தூக்குவதற்கும் ஒருவர் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. விமானம் திருப்பம் எடுக்கும்போது இந்தச் சுமை பல மடங்காகிறது. நான்கு மடங்கு ஈர்ப்பு விசையில் திரும்பினால் அந்தத் தாங்கி பத்து டன்னைத் தாங்க வேண்டும். அதனால் நாசிக்கில் உள்ள, விமானங்கள் கட்டும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.-இன் தொழிற்சாலையில் விமானத்தின் அடிப்பகுதியையே வலுப்படுத்த வேண்டியிருந்தது. ஏவுகணையைப் பிடித்திருந்து விடுவிக்கும் புதிய தாங்கியும், அதற்கான மின்இணைப்புகளும் பொருத்தப்பட்டன. அப்படி மாற்றிய சுகோய், ஏவுகணையைச் சுமந்து முதன்முதலில் பறந்த நாள் 2016 ஜூன் 25. அன்று எதையும் ஏவவில்லை. சுமந்துகொண்டு மேலே போய்த் திரும்பி இறங்கியது. அதுவே ஒரு பெரிய தேர்வு.

இனி ஏவுகணை விமானத்தை விட்டுப் பிரியும் கணத்துக்கு வருகிறேன். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

தரையில் பிடித்திருக்கும் கல்லைக் கைவிட்டால் நேராகக் கீழே விழும். விமானத்தின் வயிற்றிலிருந்து விடுபடும் பொருள் அப்படி விழும் என்று எந்த உறுதியும் இல்லை. ஒலியின் வேகத்தை ஒட்டிப் பறக்கும் விமானத்தின் உடலுக்கும் அதன் அடியில் தொங்கும் பொருளுக்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளியில் காற்று நெருக்கிப் பாய்கிறது. ஆங்காங்கே அதிர்வலைகள் உருவாகி ஒன்றன்மேல் ஒன்று மோதுகின்றன. இறுகப் பூட்டியிருக்கும் வரை இதனால் கேடில்லை. பூட்டுத் திறந்த அடுத்த கணம் அந்தக் காற்று பொருளின் மூக்கை மேலே தூக்கலாம், வாலை இழுக்கலாம், பக்கவாட்டில் திருப்பலாம். மூக்கு மேலே எழுந்துவிட்டால் அது விழும் பொருளாக இல்லாமல் இறக்கையைப் போல நடந்துகொண்டு, தன்னைச் சுமந்து வந்த விமானத்தை நோக்கியே ஏறும்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது, நிரம்பிய எரிபொருள் தொட்டியைவிடக் காலியான தொட்டிதான் ஆபத்து என்பது. நிரம்பியது கனத்தால் கீழே போய்விடும். காலியானது காகிதக் கூடு போல இலேசாக இருப்பதால் காற்று அதை எங்கே வேண்டுமானாலும் எறியும். நான் பணியாற்றிய ஒரு தளத்தில், அவசரத்தில் கழற்றிவிடப்பட்ட காலித் தொட்டி ஒன்று இறக்கையின் அடியை நீளமாகக் கீறிவிட்டுப் போனது. விமானம் நலமாகத் தரையிறங்கியது. அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நடுக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு சாண் மேலே பட்டிருந்தால் அந்த விமானி திரும்பி வந்திருக்க மாட்டார்.

இதைவிடத் துயரமான சான்று ஒன்று வரலாற்றில் இருக்கிறது. அமெரிக்கர்கள் 1960-களில் டி-21 என்ற ஆளில்லா உளவு விமானத்தை உருவாக்கினார்கள். அதுவும் ராம்ஜெட் எஞ்சினால் பறப்பது. அதை எம்-21 என்ற தாய் விமானத்தின் முதுகில் ஏற்றி, ஒலியின் மூன்று மடங்கு வேகத்தில் பறந்து, அங்கேயே விடுவித்தார்கள். அந்த வேகத்தில் விட்டால் ராம்ஜெட்டுக்குப் பூஸ்டரே தேவையில்லை என்பதுதான் கணக்கு. மூன்று முறை சரியாக நடந்தது. 1966 ஜூலை 30 அன்று நான்காம் முறை, விடுபட்ட டி-21 தாய் விமானத்தின் மேலேயே வந்து மோதியது. விமானம் உடைந்து, அதில் இருந்த இருவரும் கடலில் குதித்தனர். ஏவும் பொறுப்பில் இருந்த ரே டோரிக் நீரில் மூழ்கி இறந்தார். அதன்பின் அந்த முறையையே கைவிட்டு, மெதுவாகப் பறக்கும் பி-52 விமானத்தின் இறக்கையின் அடியில் தொங்கவிட்டு, கீழே விழவிட்டு, பூஸ்டரைக் கொளுத்தி வேகமெடுக்க வைக்கும் வழிக்கு மாறினார்கள். கூடுதல் எடையும் கூடுதல் தொல்லையும் வந்தாலும் பரவாயில்லை, முதலில் விலகட்டும், பிறகு எரியட்டும் என்ற முடிவு அது. பிரம்மோஸிலும் இதே ஒழுங்குதான்.

சுகோயிலிருந்து பிரம்மோஸ் விடுபடும்போது எஞ்சின் எரிவதில்லை. ஏவுகணை வெறும் எடையாக 100 முதல் 150 மீட்டர் வரை கீழே விழுகிறது. காற்றின் விசையைத் தள்ளிவிட்டுப் பள்ளிக் கணக்காகப் போட்டால் நூறு மீட்டர் விழ நான்கரை நொடி, நூற்றைம்பது மீட்டர் விழ ஐந்தரை நொடி. நான் தலைப்பில் சொன்ன ஐந்து நொடி இதுதான். இந்த நேரத்தில் ஏவுகணை தலைகீழாகப் புரளாமல் இருக்க வேண்டும். விமானமும் தன் பாதையிலிருந்து விலக வேண்டும். பூஸ்டர் விமானத்தின் அருகிலேயே பற்றினால் அதன் சூடான புகை சுகோயின் எஞ்சின் வாய்களுக்குள் போய் எஞ்சினைத் திணற வைக்கும். பூஸ்டர் ஒருபக்கமாகத் தள்ளினால் நடக்கக்கூடியதைச் சொல்லவே வேண்டாம். அதிகத் தாமதமும் கூடாது. விழுந்துகொண்டே வேகத்தை இழந்து, மூக்கைக் கவிழ்த்துக்கொண்ட ஏவுகணையைப் பூஸ்டரால் நிமிர்த்த முடியாது. முன்பும் போகாமல் பின்பும் போகாமல் ஒரு சிறு சாளரத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். அதுவும் 500 மீட்டர் உயரத்தில் விட்டாலும் 14,000 மீட்டர் உயரத்தில் விட்டாலும் ஒன்றுபோல நடக்க வேண்டும். கீழே காற்று அடர்த்தி; மேலே காற்று மெல்லியது, குளிர் சுழியத்துக்குக் கீழே 50 டிகிரிக்கு மேல். திட எரிபொருள் குளிரில் எரியும் வேகமே மாறும், இறுகி வெடிப்பு விடவும் கூடும்.

அதே கணத்தில் விமானத்துக்கும் ஓர் அதிர்ச்சி. இரண்டரை டன் சட்டென்று காணாமல் போகிறது. விமானம் மேலே துள்ளும். அந்தத் துள்ளலைக் கணித்து விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணினி சரிசெய்ய வேண்டும்.

விடுவிக்கச் சொல்லியும் பொருள் விடுபடாமல் தாங்கியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. எங்கள் வழக்கில் ‘ஹேங்-அப்’ என்போம். பாதி உயிர்பெற்ற ஆயுதத்தோடு விமானம் திரும்பி இறங்கும் அந்தச் சமயத்தில், ஓடுபாதையின் ஓரத்தில் பாதுகாப்பு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது ஆயுதப் பிரிவுக்காரர்கள்தாம். இருநூற்றைம்பது கிலோ குண்டோடு வந்த விமானத்துக்காக நான் நின்றிருக்கிறேன். இரண்டரை டன்னுக்காக நிற்பவரின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன். பூட்டு, மின்சாரம், வெப்ப மின்கலம், பூஸ்டர் எல்லாம் எந்த வரிசையில் உயிர்பெற வேண்டும், எந்த இடத்தில் தடைபட்டால் எப்படித் தானாகவே செயலிழக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றையும் தரையில் சோதித்து முடிக்காமல் யாரும் மேலே அனுப்ப மாட்டார்கள். வெளியே இருப்பவர்களுக்குத் தாமதமாகத் தெரிவது உள்ளே இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல்தான்.

வேலை நடக்கும் வரிசையும் இப்படித்தான் அமைகிறது. முதலில் சிறிய மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, விடுபடும் பாதையை அளப்பார்கள், கணினியிலும் கணக்கிடுவார்கள். பிறகு தரையில் நிறுத்திய விமானத்தைக் குலுக்கி, எந்த அதிர்வெண்ணில் எந்தப் பகுதி ஆடுகிறது என்று பார்ப்பார்கள். பிறகு சுமந்து பறத்தல், அடுத்து எஞ்சின் இல்லாத பொம்மையை விழவிடுதல். கடைசியில்தான் உயிருள்ள ஏவுகணை. ஒரு படியில் கிடைத்த அளவு கணக்கோடு ஒத்துவராவிட்டால் மறுபடி முதல் படிக்குத் திரும்ப வேண்டும். 2017 நவம்பர் 22 அன்று வங்கக் கடலில் ஒரு கப்பல் இலக்கைக் குறிவைத்து முதன்முறையாக ஏவியது இந்தப் படிகள் அனைத்தையும் கடந்த பிறகுதான்.

இன்னொரு கடினமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது என்பதால் செய்திகளில் யாரும் எழுதுவதில்லை. ஆனால் 2019 மே 22 அன்று நிலத்து இலக்கை நோக்கி நடந்த சோதனைக்குப் பின் அரசு வெளியிட்ட அறிவிப்பு அதைத்தான் பெரிய சவால்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது: விமானத்தின் திசையறிவை ஏவுகணைக்கு மாற்றிக் கொடுப்பது.

ஏவுகணைக்குள், திரும்புவதை உணரும் ஜைரோக்களும் வேக மாற்றத்தை உணரும் முடுக்கமானிகளும் அடங்கிய ஒரு வழிகாட்டிப் பெட்டி இருக்கிறது. தான் எங்கே தொடங்கினேன், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன வேகத்தில் இருந்தேன் என்ற மூன்றும் தெரிந்தால், அதன்பின் ஏற்படும் ஒவ்வோர் அசைவையும் கூட்டிக்கொண்டே போய், இப்போது எங்கே இருக்கிறேன் என்று அது சொல்லும். லாரியில் நிற்கும் ஏவுகணைக்குத் தொடக்கம் எளிது. அசையாமல் நிற்கும்போது பூமியின் சுழற்சியை உணர்ந்தே வடக்கைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். விமானத்தின் அடியில் தொங்கும் ஏவுகணைக்கு அசையாத கணமே கிடையாது. விமானத்திடம் ஏற்கெனவே நல்ல வழிகாட்டி இருக்கிறதே, அந்த எண்களை அப்படியே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் விமானத்தின் பெட்டி ஓரிடத்தில், ஏவுகணையின் பெட்டி சில மீட்டர் தள்ளி இன்னோரிடத்தில். இடையில் உள்ள உலோகம் பறக்கும்போது வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது, அதிர்கிறது. விமானம் பார்க்கும் திசையும் ஏவுகணை பார்க்கும் திசையும் ஒருபோதும் துல்லியமாக ஒன்றல்ல. அந்த வேறுபாடு ஒரு டிகிரியாக இருந்து, இடையில் யாரும் திருத்தவும் இல்லையென்றால், 290 கிலோமீட்டர் போய்ச் சேரும்போது பிழை ஐந்து கிலோமீட்டர். பத்தில் ஒரு பங்கு டிகிரி என்றாலும் அரை கிலோமீட்டர். கொத்தனார் முதல் வரிசைச் செங்கல்லில் விட்ட நூலிழைப் பிசகு மூன்றாவது மாடியில் கையகலம் ஆவது போல.

இதற்கான வழி, இரண்டு பெட்டிகளையும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது. விமானம் திரும்பும்போதும் ஏறும்போதும் இரண்டும் உணரும் வேகங்களில் உள்ள சிறு வேறுபாட்டிலிருந்து, ஏவுகணையின் பெட்டி எத்தனை கோணம் பிசகி இருக்கிறது என்பதைக் கணிதத்தால் பிரித்தெடுத்து, விடுபடும் கணத்துக்கு முன் திருத்திவிட வேண்டும். விமானத்தின் மென்பொருள், ஏவுகணையின் மென்பொருள் இரண்டும் ஒரே மொழியில் பேசினால்தான் இது நடக்கும். அந்த விமான மென்பொருளை எழுதியவர்கள் விமானப்படையின் சொந்தப் பொறியாளர்கள் என்பதை அதே அறிவிப்பு சொல்கிறது. இயந்திர, மின் மாற்றங்களைச் செய்தது எச்.ஏ.எல். இந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுவே. விமானம் ரஷ்யர்கள் வடிவமைத்தது. ஏவுகணை பாதி அவர்களுடையது. ஆனால் இரண்டையும் பேசவைத்த வேலை நம்மவர்களுடையது. இறக்குமதி செய்த இரண்டு பொருள்களைச் சேர்த்ததுதானே என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சேர்ப்பதுதான் அங்கே இருந்த அறிவியல்.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்தன என்பதையும் தம்பி கேட்டிருந்தார். சுருக்கமாகச் சொல்கிறேன். 1944 ஜூலையிலிருந்தே ஜெர்மானியர்கள் வி-1 பறக்கும் குண்டுகளை ஹெயின்கெல்-111 விமானங்களில் தொங்கவிட்டு, வட கடலின் மேல் இரவில் தாழப் பறந்து ஏவினார்கள். துல்லியம் மிகக் குறைவு, விமான இழப்பு அதிகம். அமெரிக்காவில் 1982-இல் சேவைக்கு வந்த ஏ.ஜி.எம்-86பி வேறு வழியில் போனது. ஒலியைவிட மெதுவாக, சிறிய டர்போஃபேன் எஞ்சினால், நிலத்தின் மேடுபள்ளங்களை ஒப்பிட்டுப் பார்த்தபடி 2,400 கிலோமீட்டருக்கு மேல் தாழப் பறப்பது. அது சிறியது என்பதால் ஒரு பி-52 விமானம் இருபதைச் சுமந்தது. பிரம்மோஸ் தேர்ந்தது வேகத்தை. அதற்குக் கொடுத்த விலை எடை. அதனால்தான் சுகோய் ஒன்றுக்கு ஓர் ஏவுகணை மட்டுமே.

விமானத்தில் ஏற்றியதால் கிடைத்த பயன் என்ன என்றால், எட்டும் தூரம் ஏவுகணையின் தூரமாக மட்டும் நின்றுவிடவில்லை. விமானம் எவ்வளவு தூரம் போகுமோ அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில், பிரம்மோஸ் சுமக்கும் சுகோய்களோடு 222-ஆவது படைப்பிரிவு சேர்க்கப்பட்டது. டைகர்ஷார்க்ஸ் என்பது அதன் பெயர். அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று, பஞ்சாபில் உள்ள ஒரு தளத்திலிருந்து கிளம்பிய சுகோய், வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு வந்து, வங்கக் கடலில் ஒரு கப்பல் இலக்கைப் பிரம்மோஸால் தாக்கியது. வடக்கே கிளம்பி நம் கடலில் முடிந்த அந்தப் பயணத்தை, தேவனாம்பட்டினம் கரையில் நின்று கடலைப் பார்க்கும் ஒருவர் மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர் நமக்கு மிக அருகே. அங்கிருந்து கிளம்பினால் இந்தியப் பெருங்கடலின் கப்பல் வழிகள் வரை அந்த விமானங்களின் எல்லைக்குள் வருகின்றன.

290 கிலோமீட்டர் என்ற எல்லையும் இப்போது பழங்கதை. 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஏவுகணைகளைப் பகிர்வதைக் கட்டுப்படுத்தும் எம்.டி.சி.ஆர். அமைப்பில் இந்தியா 2016 ஜூனில் உறுப்பினரானது. அதன் பின்னர் தூரம் கூட்டிய வடிவம் வந்தது. 2022 மே 12 அன்று சுகோயிலிருந்து அது முதல்முறை ஏவப்பட்டது, அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கப்பல் இலக்கைத் தாக்கியது.

கடைசியாக, தம்பி கேள்வியின் முடிவில் சேர்த்திருந்த ஒரு வரி: “சிறிய பிரம்மோஸ் வந்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இருக்காது அல்லவா?” பிரம்மோஸ்-என்.ஜி. என்ற பெயரில் ஏறக்குறைய பாதி எடையில் ஒரு வடிவம் உருவாகிவருகிறது; தேஜஸ் போன்ற சிறிய விமானத்திலும் அதை மாட்ட வேண்டும் என்பது நோக்கம். எடை பாதியாவதால் தாங்கியின் தொல்லை குறையும், சுகோயில் ஒன்றுக்கு மேல் மாட்டவும் வழி பிறக்கும். ஆனால் அப்போது ஏவுகணைகள் இறக்கையின் அடிக்கும் போகும். நடு வயிற்றிலிருந்து விடுபட்டால் விமானம் மேலே துள்ளும், அவ்வளவுதான். ஓர் இறக்கையிலிருந்து ஒரு டன்னுக்கு மேல் விடுபட்டால் விமானம் மறுபக்கம் சாயும். இறக்கை, வயிற்றைவிட அதிகமாக வளைந்து அதிரும் இடம் என்பதால் திசையைப் பொருத்தும் வேலையும் கடினமாகும். எடை மாறிய, நீளம் மாறிய, சிறகு மாறிய பொருள் காற்றில் எப்படி விழும் என்பதைப் பழைய ஏவுகணையின் அளவுகளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆகவே காற்றுச் சுரங்கம், சுமந்து பறத்தல், பொம்மையை விழவிடுதல் என்ற அந்த வரிசை, ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு தாங்கிக்கும் மறுபடியும் முதல் படியிலிருந்தே தொடங்கும்.